பிள்ளையின் காதில் விழுந்த ஜெபம்

நான் சொல்லப்போகிற சாட்சி சிலருக்குக் கசக்கும். பரவாயில்லை. கர்த்தர் செய்ததை மறைக்க எனக்கு மனசில்லை.

எண்பத்து நாலாம் வருஷம், மழைக்காலம். என் மகள் எஸ்தருக்கு ஏழு வயது. கழுத்தில் கட்டி, விடாத காய்ச்சல். டிபி என்றார் டாக்டர். தினமும் ஊசி போடவேண்டும். தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் உட்கார்ந்து அழாத நாளில்லை.

முதலில் எஸ்தர் ஊசிக்குக் கொஞ்சம் அழுவாள், அவ்வளவுதான். அப்புறம் நம் சபை அக்காமார் வீட்டு ஜெபத்துக்கு வந்தார்கள். நோயாளியின் தலைமாட்டில் முழங்காலிட்டு, கஷ்டத்தையெல்லாம் சத்தமாகச் சொல்லி அழுவதுதானே நம் வழக்கம். ஞானம்மா அக்கா கதறினார்கள்: "ஆண்டவரே, இந்த ஊசி தாங்காமச் செத்துப்போன அடுத்த தெருப் பிள்ளை மாதிரி இவளையும் எடுத்துக்கொள்ளாதேயும்." பாசத்தில்தான் சொன்னார்கள். எஸ்தர் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரித் தெரு திரும்பும்போதே வாந்தி. ஊசியைக் கண்டதும் மயக்கம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு என்றார்கள் அக்கம்பக்கத்தார். நிறுத்தினால் பிள்ளை பிழைக்காது என்றார் டாக்டர். மருந்து உள்ளே போகுமுன்னே வாந்தி வருகிறதே, இவளிடம் யார் என்ன சொன்னார்கள் என்று இந்தியில் கேட்டார்.

வரும் வழியில் எஸ்தரைக் கேட்டேன்.

"நானும் செத்துருவேம்லாம்மா? ஞானம்மா அத்தை ஜெபத்துல சொன்னாவல்லா."

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே ஜெபித்தேன். கர்த்தாவே, எனக்கு வாயைத் தாரும் என்று மட்டும் கேட்டேன். என் வீட்டுக்காரருக்குக் குர்லா பட்டறையில் வேலை வாங்கித் தந்ததே ஞானம்மா அக்காதான். அவர்களை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது வாசலிலேயே மறித்தேன்.

"பிள்ளை காதுபட இந்த வீட்ல சாவுப் பேச்சு கூடாதுக்கா. பேசணும்னா உள்ள வராதீய."

ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். நான் கேட்ட ஜெபத்துக்கு அதுதான் பதில். விசுவாசமில்லாதவள் என்று பட்டம் கட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

எஸ்தரிடம் உள்ளதைச் சொன்னேன். ஊசி வலிக்கும், கொஞ்ச நேரத்தில் வலி போய்விடும், கட்டி கரையும். அவள் கழுத்தில் கைவைத்து, அவளுக்குக் கேட்கும்படி அதையே ஜெபித்தேன். வாந்தி குறைந்தது, பிறகு நின்றேபோனது. ஊசியை ஒரு நாளும் விடவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கழுத்தில் கட்டி இல்லை.

இதோ முன்வரிசையில் பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஞானம்மா அக்கா. போன வாரம் தங்கள் பேரனுக்குக் காய்ச்சல் என்று என்னைத்தான் ஜெபிக்கக் கூப்பிட்டார்கள். பிள்ளை பார்த்துவிடக் கூடாதென்று வாசலிலேயே இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனோம்.

நம் தேவன் கேட்கிறவர், அவரை நம்புங்கள். நோயான பிள்ளையின் பக்கத்தில் முழங்காலிடும்போது, அந்தப் பிள்ளைக்கும் காது கேட்கும் என்பதை மறக்காதீர்கள்.