யாட்ஸீயாவும் எல்காநாவும்

எருசலேமில் வெந்நீர்த் தொட்டி ரிப்பேர் செய்யும் எல்காநா பிரோட்ஸ்கியைக் கூப்பிடுகிறவர்களுக்குக் குளிக்கும் ஆசை மட்டும் இருந்தால் போதாது, வேதத்தில் ஒரு சொல்லைப் படித்துக்கொள்ளும் பொறுமையும் வேண்டும். அந்தச் சொல் யாட்ஸீயா. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் சுவரை ஒட்டிச் சுற்றிலும் எழுப்பிய அறைகள் கொண்ட தளம். எபிரேய மொழியில் அது ஆண்பால் சொல்தான். ஆனால் ‘கீழ்த்தளம்’ என்று வரும் இடத்தில் அடைமொழி மட்டும் பெண்பாலில் நிற்கிறது. பக்க அறையைக் குறிக்கும் பெண்பால் சொல் ஒன்று அங்கே மறைந்திருக்கிறது என்பது எல்காநாவின் கட்சி.

“ஐயா, மேலேருந்து தண்ணி கொட்டுது.”

“கொட்டட்டும்மா. அது ஏன் பெண்பாலாச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே?”

இந்தப் பித்து பதிமூன்று வயதில் பிடித்தது. அன்று ஜெப ஆலயத்தில் முதல்முறை வாசிக்க ஏறினான். அந்தச் சொல்லை ஏட்டில் ‘யாட்ஸூவா’ என்று எழுதி, வாயால் ‘யாட்ஸீயா’ என்று படிக்க வேண்டும். முன்னோர்கள் அப்படி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், யாரைக் கேட்பது? பையன் எழுதியபடியே படித்தான். யாட்ஸூவா என்றால் படுக்கை. சாலொமோனின் ஆலயத்தைச் சுற்றிப் படுக்கை விரித்துவிட்டான். வாசிப்பவன் தவறினால் சபையே கத்தித் திருத்துவது எங்கள் பக்தி. முதல் கத்தல் கூடப் படித்த மெஷுலமுடையது.

அந்த அவமானத்தைக் கழுவ எல்காநா அந்த ஒரு சொல்லைப் பற்றியே அறுபத்துநாலு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினார். இருநூறு பிரதி அச்சிட்டதில் பெரும்பாலானவை கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றில் கையெழுத்துப் போட்டு மெஷுலமுக்கே கொடுத்தார்.

அந்த முதல் வாசிப்புக்கு ஐம்பது வருடம் கழித்து, இந்த ஆண்டு அதே பகுதியை வாசிக்க அவரை அழைத்தார்கள். ஒருவரும் வாய் திறக்காமல் கேட்க வேண்டும், முக்கியமாக மெஷுலம். அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

சொல் மூன்று இடத்தில் வரும். முதலாவது சுத்தம். இரண்டாவது, அந்தப் பெண்பால் வாலோடு, இன்னும் சுத்தம். சபையில் மூச்சில்லை. பெருமையோடு நிமிர்ந்து பார்த்தார். மெஷுலம் சால்வைக்குள் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தான். விழித்திருந்தவர்களும் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்தார்கள். எல்காநாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவதையாவது அவன் காதில் போட்டே தீருவது என்று குரலை உயர்த்தினார். கண் ஏட்டில் இல்லை, மெஷுலம் மேல் இருந்தது. வாயைத் திறந்தார். உள்ளே இருந்த பதிமூன்று வயதுப் பையன் பேசினான்.

“யாட்ஸூவா...”

“யாட்ஸீயா!” மெஷுலம் கண்ணைத் திறக்காமலே கத்தினான். சபை பின்பாட்டுப் பாடியது. மாடியில் பெண்கள் பக்கம் மனைவி த்சிவ்யா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஜெபம் முடிந்து எல்லோருக்கும் வைத்திருந்த உப்புமீன் தட்டருகே மெஷுலம் அவர் தோளை அணைத்துக்கொண்டான். குரலில் நிஜமான பாசம் இருந்தது.

“அம்பது வருஷமா அதே எடத்துல தடுக்குறியேடா. அந்த வார்த்தையப் பத்தி யாராவது ஒரு புஸ்தகம் எழுதாமயா இருப்பாங்க? ஒண்ணு வாங்கிப் படிக்கக் கூடாதா?”