பர்மாவில் ஒரு யாழ்ப்பாணம்

மெல்பேர்ன் புறநகரான நோபல் பார்க்கில் விக்னராஜாவுக்கு மூன்று பெயர்கள் இருந்தன. கார் உதிரிப்பாகக் கிடங்கில் கூட வேலை செய்தவர்களுக்கு அவர் 'விக்'. ஊர்ச்சனத்துக்குக் 'கடிதம் விக்னராஜா'. மனைவி சிவனேஸ்வரிக்கு 'இஞ்சருங்கோ'. முழுப் பெயரையும் சொல்லி யாராவது கூப்பிட்டால் அது பல் வைத்தியரின் வரவேற்பறையாகத்தான் இருக்கும். அங்கேயும் பாதி வழியில் மூச்சு வாங்கி நிற்பார்கள். "விக் போதும், பரவாயில்லை" என்று அவரே இரக்கப்பட்டுக் கைகொடுப்பார்.

கடிதம் என்ற பட்டம் சும்மா வரவில்லை. மெல்பேர்னில் வந்திறங்கிய முதல் மாதத்திலிருந்து இருபத்தொன்பது வருடங்களாக அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பிரதமர்களுக்கு, வெளிநாட்டு அமைச்சர்களுக்கு, ஜெனீவாவுக்கு, நியூயோர்க்குக்கு. ஊரில் இராணுவம் பிடித்துப்போனவர்கள் எங்கே என்று கேட்டு எழுதினார். பதில்களும் ஒழுங்காக வந்தன. எல்லாப் பதிலிலும் ஒரே வரி: 'தங்கள் கடிதம் கண்டு ஆழ்ந்த கவலை அடைகிறோம்.' அவற்றையெல்லாம் ஆறு தடித்த கோப்புகளில் துளைபோட்டு அடுக்கி வைத்திருந்தார்.

"இத்தனை பேர் ஆழமாய்க் கவலைப்பட்டும் ஒருத்தருக்கும் நித்திரை குறைஞ்சதாய்க் காணேல்லை" என்பாள் சிவனேஸ்வரி, அந்தக் கோப்புகளைத் தூக்கித் தூசு தட்டும்போதெல்லாம்.

இப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு நிலார் வந்து வாசல் மணியை அடித்தாள். பர்மாக்காரி, முதியோர் இல்லத்தில் தாதி. வேலிக்கு மேலால் கறிவேப்பிலை வாங்கி வாங்கி, சிவனேஸ்வரியிடம் 'ஓம்' என்ற ஒரு தமிழ்ச் சொல்லையும் வாங்கியிருந்தாள். அன்றைக்குக் கறிவேப்பிலை கேட்கவில்லை. ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினாள். அதில் ஒரு பெயர்.

"என் தங்கை, அங்கிள். கணக்கு ரீச்சர். இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நின்றாள். எதிர்ப்புக் காட்டப் பல்கனியில் நின்று சட்டி தட்டினாள். அதற்கு மூன்று வருடச் சிறை. ஐந்து மாதத்துக்கு முன் வேறு சிறைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது."

சிவனேஸ்வரி கடதாசியை எட்டிப் பார்த்தாள். "ஹ்னின் தந்தாவோ? ஆர், என்ன தந்தா?"

"சும்மா இரும் அப்பா" என்றார் விக்னராஜா. கடதாசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நிலார் சொன்னாள்: "வெளிநாட்டில் யாராவது பெரிய இடத்தில் அவள் பெயரைச் சொன்னால், சிறையில் கை வைக்கக் கொஞ்சம் யோசிப்பார்களாம். நீங்கள் கடிதம் எழுதுவீர்கள் என்று அன்ரி சொன்னார்."

'யோசிப்பார்களாம்' என்ற அந்த 'ஆம்' விக்னராஜாவுக்கு வெறும் கேள்விப்பட்ட கதை அல்ல என்பது சிவனேஸ்வரிக்குத் தெரியும். வாய்க்கு வந்த பகிடியை அவளும் விழுங்கிக்கொண்டாள்.

விக்னராஜாவுக்கு ஒரு தம்பி இருந்தான். செந்தூரன். இருபது வயதில் ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம் அவனைக் கொண்டுபோனது. பிடிபட்டவர்களின் பட்டியலை ஊர்க் குழுவுக்காக ஆங்கிலத்தில் தட்டச்சடித்துக் கொடுத்தவர் இவர்தான். அழுதுகொண்டே அடித்ததில், 'யூ' விழவேண்டிய இடத்தில் பக்கத்துக் கட்டை 'ஐ' விழுந்துவிட்டது. செந்தூரன் செந்திரன் ஆகிவிட்டான். மூன்று கிழமை கழித்து முகாமிலிருந்து பதில் வந்தது: 'செந்திரன் என்று ஒருவரும் இங்கில்லை.' திருத்தி அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை பதிலில்லை. அந்த ஒரு பதிலைத் தேடித்தான் ஆறு கோப்புகளும். அந்த ஒரு எழுத்து மாறாமல் விழுந்திருந்தால் தம்பி வந்திருப்பானா? யாருக்குத் தெரியும்? ஆனால் கேள்வி அவரை விட்டு ஒரு நாளும் போனதில்லை.

நிலார் வந்துபோன அன்றே கணினிக்கு முன்னால் இருந்தார். புதுக்கடிதம் எழுதத் தேவையில்லை. கைபட்டுக் கைபட்டு மெருகேறிய பழைய கடிதம் இருந்தது. 'ஸ்ரீலங்கா' என்ற சொல்லை எல்லா இடத்திலும் 'மியன்மார்' என்று மாற்றும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தார். தங்கையின் பெயரை இட்டார். அதை எழுத்தெழுத்தாகப் பதினொரு தரம் சரிபார்த்தார். பெயரைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. மியன்மார் பற்றிப் பேசுகிறவர் என்று நிலார் கேள்விப்பட்ட ஒரு பெண் செனட்டருக்குத் தபாலில் சேர்த்தார்.

திங்கட்கிழமை சிவனேஸ்வரி பிரதியைக் கோப்பில் போடப்போனவள் அப்படியே நின்றாள்.

"இஞ்சருங்கோ, பர்மாவிலையும் ஒரு யாழ்ப்பாணம் இருக்கோ?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"நான் கதைக்கேல்லை. நீங்கள்தான் எழுதியிருக்கிறியள். 'மியன்மாரின் வட பகுதியிலுள்ள யாழ்ப்பாணத்திலே மக்கள் படும் துன்பம்' எண்டு. பிறகு வல்வெட்டித்துறையும் வருது."

விக்னராஜா கதிரையில் பொத்தென்று விழுந்தார். மறுபடியும்! மறுபடியும் அவருடைய விரல்களே! ஒரு பெண்ணின் உயிர் தொங்கும் கடிதத்தைப் பகிடிக் கடிதமாக்கி அனுப்பிவிட்டாரே! திருத்திய கடிதம் ஒன்றை அன்றே அனுப்பினார். ஆனால் திருத்திய கடிதங்களின் கதி அவருக்குத் தெரியாததா?

அடுத்த இரண்டு கிழமையும் நிலாரின் கண்ணில் படாமல் திரிந்தார். அவள் கார் வரும் சத்தம் கேட்டால் ரோசாச் செடி வெட்டப் பின்வளவுக்கு ஓடினார். முடிவில் வெட்டுவதற்குச் செடி இல்லை, அடிக்கட்டைதான் மிஞ்சியது. "பதில் வந்ததா அங்கிள்?" என்று வேலிக்கு மேலால் குரல் வரும். அவர் அடிக்கட்டையை உற்றுப் பார்ப்பார்.

"சொல்லிப் போடுங்கோவன்" என்றாள் சிவனேஸ்வரி.

"என்னெண்டு சொல்லுறது?"

"வாயாலை."

சொல்லத்தான் வேண்டும் என்று அவர் சட்டையை மாட்டிய செவ்வாய்க்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது. செனட்டரின் அலுவலகம். க்ளோயி என்று ஒரு இளம்பெண்.

"மிஸ்டர் விக்... விக்னா..."

"விக் போதும்."

"விக், உங்கள் கடிதத்தில் ஒரு சந்தேகம். மியன்மார் வரைபடத்தில் யாழ்ப்பாணத்தை அரைமணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை."

விக்னராஜா கண்ணை மூடிக்கொண்டார்.

"தேடினபோதுதான் கடிதத்தை முழுதாகப் படித்தேன்" என்றாள் அவள். "உள்ளதைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். இப்படியான கடிதங்களுக்கு இங்கே ஒரு பதில் தயாராக இருக்கும். அனுப்பக் கையை வைத்திருந்தேன்."

"ஆழ்ந்த கவலை?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்களிடம் ஆறு கோப்பு இருக்கிறது."

அவள் சிரித்தாள். பிறகு, வியாழக்கிழமை பாராளுமன்றத்தில் செனட்டர் மியன்மார் கைதிகளைப் பற்றிப் பேசப்போவதாகவும், இந்தப் பெயரையும் வாசிக்கப்போவதாகவும் சொன்னாள். "பெயரை எப்படிச் சொல்வது? ஹன்னின் தண்டர்?"

விக்னராஜா வாசலால் பாய்ந்தார். வேலிக்கு மேலால் ஒரு கூப்பாடு போட்டார்: "நிலார்! கெதியாய் வா!" அவள் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தாள். தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

"முதலில் மூக்கால் மூச்சு விட வேண்டும்" என்றாள் நிலார். "அந்த மூச்சு முடியுமுன் 'நின்'. ஹ்னின்."

"ஹனின்" என்றது தொலைபேசி.

"இல்லை, மூக்கால்."

தொலைபேசியில் க்ளோயி மூக்கைச் சீறினாள். இங்கே நிலார் சீறினாள். துணைக்கு விக்னராஜாவும் சீறினார். சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து மூக்குத் துடைக்கும் ரிசுப் பெட்டியோடு ஓடிவந்த சிவனேஸ்வரி திகைத்து நின்றாள். "என்ன, எல்லாருக்கும் ஒரே நேரத்திலை தடிமனோ?"

பத்துத் தரமாயிற்று. க்ளோயி களைத்துவிட்டாள். "கிட்டத்தட்ட வந்துவிட்டது, இல்லையா? பரவாயில்லைதானே, விக்?"

இருபத்தொன்பது வருடமாக 'பரவாயில்லை' என்றே சொல்லிப் பழகிய மனிதர் எழுந்து நின்றார். தொலைபேசிக்கு எழுந்து நிற்கத் தேவையில்லை என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

"பரவாயில்லை இல்லை, க்ளோயி. கிட்டத்தட்ட என்றால் அது வேறொரு பெண். 'அப்படி ஒருவரும் இங்கில்லை' என்று சொல்லிவிடுவார்கள். என் தம்பிக்குச் சொன்னார்கள்." ஒரு எழுத்தின் கதையை நாலு வரியில் சொன்னார். ரிசுப் பெட்டிக்கு உண்மையாகவே வேலை வந்தது.

"இன்னொரு தரம் சொல்லித் தாருங்கள்" என்றாள் க்ளோயி. "செனட்டரையும் கூப்பிடுகிறேன்."

தொலைபேசியை வைத்த பிறகு அவர் சிவனேஸ்வரியிடம் மெல்லச் சொன்னார்: "எழுத்துப் பிழைச்சால் ஆள் பிழைக்காது எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான்."

"இந்த முறை பிழைச்ச எழுத்தாலைதான் கடிதத்தைப் படிச்சிருக்கினம்" என்றாள் அவள். "ஆளும் பிழைக்கட்டும்."

வியாழன் பின்னேரம் மூவரும் தொலைக்காட்சிக்கு முன் இருந்தார்கள். முக்கால்வாசி வெறுமையான சபை. செனட்டர் எழுந்தார், கடதாசியைப் பார்த்தார், பிறகு ஒலிவாங்கி அதிர மூக்கால் ஒரு மூச்சு விட்டார். எதிர்ப்பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு விழித்தார்.

"ஹ்னின் தந்தா" என்றார் செனட்டர். அச்சொட்டாக.

நிலார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிவனேஸ்வரி அவளை அணைத்துக்கொண்டாள். செனட்டர் மேலும் சொன்னார்: "இந்தப் பெயரைச் சரியாகச் சொல்லும்வரை என்னை விடாதவர், நோபல் பார்க்கைச் சேர்ந்த திரு. விக்... விக்னராஜா." வழியில் ஒருதரம் இடறினார்; ஆனாலும் ஒரு எழுத்தும் விடாமல் கரைசேர்ந்தார்.

அது ஏதாவது செய்ததா, இல்லையா, யாராலும் சொல்ல முடியாது. ஏழு கிழமை கழித்து நிலார் வாசல் மணியை மறந்து, செருப்பை மறந்து, கைத்தொலைபேசியை ஏந்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். பர்மாவில் அம்மா கொண்டுபோன பார்சலைச் சிறை வாங்கியிருக்கிறது. சவர்க்காரம், சீனி, ஒரு கம்பளிச் சட்டை. கைத்தொலைபேசியில் அதன் ரசீதின் படம்; கீழே பெற்றுக்கொண்டதாகத் தங்கையின் கையெழுத்து. இந்த மாதத்துத் திகதி!

விக்னராஜா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். வட்ட வட்டமாக, ஜிலேபி பிழிந்ததுபோல எழுத்துகள். ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாக, விரலை வைத்து வைத்துப் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் சரியோ, பிள்ளை?"

"ஓம், அங்கிள்" என்றாள் நிலார். "ஓம், ஓம், ஓம்."