ஓட்டுக் கேட்ட வீடுகளுக்கு அக்கா திரும்பிப் போனார்

அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுப்பதற்காக இந்தச் சிறிய மலரை அச்சிட்டிருக்கிறோம். எழுதும் பொறுப்பை அத்தான் என்னிடம் கொடுத்தார். தொடங்குமுன் அவரிடம் ஒன்று கேட்டேன். "சின்னமாமா வீட்டுக்கும் ஒரு மலர் போகுமே அத்தான், எல்லாத்தையும் எழுதலாமா?" அத்தான் பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். "ஒங்க அக்கா எதையும் மறைச்சதில்ல. நீ ஏன் மறைக்கணும்?" என்றார். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அக்கா ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். நான் அவருக்கு ஏழு வயது இளையவன். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவை ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு மலாக்கா டவுனுக்கு, காஜா பேராங்கில் இருந்த தம் தம்பி வீட்டுக்கு வந்தார். அந்தத் தம்பிதான் எங்கள் சின்னமாமா. வக்கீல் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தார். மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாக இருந்த அந்த நாட்களில் எங்கள் தட்டுகளை நிரப்பிவிட்டு, மிச்சமிருந்தால் தின்றவர் அவர். என்னைப் படிக்கவைத்தார். அக்காவுக்கு அத்தானைத் தேடிப்பிடித்து மணம் முடித்துவைத்தார். அம்மா கண்மூடியபோது கொள்ளி வைக்கும் வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதையெல்லாம் எழுதாமல் மற்றதை எழுதுவது நியாயமாகாது.

அக்கா தையல் வேலை செய்தார். ரவிக்கையில் தொடங்கியவர், பக்கத்திலிருந்த கம்போங் செட்டி என்ற குடியிருப்பின் பெண்களுக்குக் கெபாயாச் சட்டை தைத்துக் கொடுக்கும் அளவுக்குக் கைதேர்ந்தார். செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள், நம் கோயில்களில் கும்பிடுகிறவர்கள். ஆனால் வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய மலாய். தமிழ் அநேகமாகத் தெரியாது. அளவெடுக்கப் போன வீடுகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே அக்கா அந்த மலாயைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் சிரிக்கும் இடத்தில் சிரிக்கவும், கோபிக்கும் இடத்தில் வாயை மூடிக்கொள்ளவும் அவருக்குத் தெரிந்திருந்தது. அடுப்படி வரைக்கும் போகும் உரிமை அங்கே பல வீடுகளில் அவருக்கு இருந்தது.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம் நகர மன்றத் தேர்தல் வந்தது. ஒரு கட்சி எங்கள் வட்டாரத்தில் நிற்க ஓர் இந்தியரைத் தேடியது. சின்னமாமாவைக் கேட்டார்கள். நல்ல ஆங்கிலம், நல்ல பெயர், ஒப்புக்கொண்டார். எங்கள் வட்டாரத்தில் தமிழர் ஓட்டு மட்டும் போதாது. சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் கட்சி கேட்டுக்கொள்ளும். செட்டிகளிடம் யார் கேட்பது?

அக்கா கேட்டார்.

கம்போங் செட்டியின் மூத்த பெண்மணி பிபிக் மீனாட்சி சொன்னால் பத்து வீடு கேட்கும். வெற்றிலை இடித்துக்கொண்டே அக்கா சொன்னதையெல்லாம் கேட்டவர், தம் மலாயில் சொன்னாராம்: "தேர்தல் வந்தா மட்டும் நாங்க இந்தியர். மத்த நாள்ல, தமிழ் தெரியாதவங்க எப்படி இந்தியர்னு கேட்டுச் சிரிப்பீங்க. ஒன் மாமா ஒங்க ஆளு. எங்க ஆளு இல்ல." மாமா எல்லோருக்கும் சேர்த்துத்தான் பேசுவார் என்றார் அக்கா. பிபிக் இடிப்பதை நிறுத்திவிட்டு, "லூ ஜாமின் கா?" என்று கேட்டார். நீ ஜாமீனா என்று அர்த்தம். "ஜாமின்," என்றார் அக்கா.

இன்னொரு பக்கம் முனிசிபல் லயம். தெருக்கூட்டுகிறவர்களும் சாக்கடை வேலைக்காரர்களும் குடியிருந்த இரண்டு வரிசை வீடுகள். அகலமான சாலை ஒன்றுக்காக அந்த லயத்தை உடைக்கப்போகிறார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது. அங்கே வேலைக்காரர்களுக்கு மேலாளான மண்டோரின் மனைவி அஞ்சலை, அக்காவுக்குச் சிநேகிதி. ஓட்டுப் பட்டியலில் பேர் போட அஞ்சலையையும் மற்றவர்களையும் அக்காவே ஆபீசுக்குக் கூட்டிப்போய், விண்ணப்பப் பாரம் எழுதவைத்து, வரிசையில் அவர்களோடு நின்றார். லயத்து முற்றத்தில் நாற்காலி போட்டுச் சின்னமாமா பேசினார்: "மாத்து வீடு இதே டவுன்ல குடுக்காம இந்த லயத்துல ஒரு பலகையக்கூட எடுக்க விடமாட்டேன்." அக்கா அதை மனப்பாடம் செய்துகொண்டு மற்ற வீடுகளில் சொன்னார். ஏறாத படி இல்லை. அந்த மாதங்களில் தையல் மெஷினில் தூசி படிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சின்னமாமா ஜெயித்தார். மாலை போட்டு ஊர்வலமாக அழைத்துவந்தார்கள். சில மாதம் கழித்து, அவர் சிபாரிசில் எனக்கு மன்ற ஆபீசிலேயே வேலை கிடைத்தது. சுதந்திரமும் வந்தது. அந்தக் கொடியேற்றத்துக்கு அக்கா தம் இரு பெண்களுக்கும் புதுச்சட்டை தைத்துப் போட்டு அழைத்துப்போனார்.

அதற்கு அடுத்த ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை, மன்றக் கூட்டத்துக்கான தாள்களை நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். லயத்தை உடைப்பது என்றும், குடியிருப்பவர்களை ஊருக்கு வெளியே புதுக் கொட்டகைகளுக்கு மாற்றுவது என்றும் ஒரு தீர்மானம். வழிமொழிபவர் என்ற இடத்தில் சின்னமாமாவின் பெயர். தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்தேன். அதற்குள் சின்னமாமாவே என் மேசைக்கு வந்தார். "வீட்டுல இப்ப சொல்லாதடா. நானே பக்குவமா அக்காகிட்ட சொல்லிக்கிறேன்," என்றார்.

நான் சொல்லவில்லை. அப்போது அக்கா வீட்டில்தான் இருந்தேன். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அவர் கையால் சாப்பிட்டேன். சின்னமாமா அந்தப் பக்கமே வரவில்லை. திங்கட்கிழமை மாலை அஞ்சலை வந்து, "நாளைக்கு லயத்தப் பத்திப் பேசுறாங்களாமே, கூட்டத்துல என்னா ஆகுமோ" என்றாள். அக்கா சிரித்தார். "மாமா இருக்காருல்ல? நாளைக்கு நாம எல்லாரும் போயி ஒக்காந்து பாப்போம். அவரு பேசுறத நம்ம கண்ணால பாக்கணும்." நான் அதே அறையில், கையில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பிற்பகல் அக்காவும் அஞ்சலையும் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் குளித்து, நல்ல சேலை கட்டி வந்து பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூட்டம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. அவர்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. சின்னமாமா எழுந்து நின்றதும் அக்காவின் முகம் மலர்ந்ததை என் இடத்திலிருந்து பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசினார். நகரின் முன்னேற்றத்துக்கு இந்தியச் சமூகம் குறுக்கே நிற்காது என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். பிறகு ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். சின்னமாமா கை தூக்கினார். அக்கா பக்கத்திலிருந்த பெண்களிடம் குனிந்து, "நமக்காகத் தூக்குறாரு, பாருங்க, பாருங்க" என்றார். அது எனக்கே கேட்டது. அஞ்சலை இரு கையும் கூப்பினாள்.

வெளியே படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "என்னாடா தம்பி, நல்லபடியா முடிஞ்சுதா? மாத்து வீட்ட எப்ப எழுதிக் குடுப்பாங்க?"

நான் சொன்னேன். இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. அஞ்சலை படியிறங்கிப் போனாள். மற்ற பெண்களும் அவள் பின்னால் போனார்கள். அக்கா மட்டும் நின்றார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை," என்று அவரும் ஒருமுறை சொன்னார். பிறகு நடக்கத் தொடங்கினார்.

அன்று மாலையே சின்னமாமா வந்தார். "நான் தூக்காட்டியும் அது நிறைவேறியிருக்கும்மா. எதிர்த்து நின்னா கட்சியில அடுத்த தடவ எடம் குடுக்கமாட்டாங்க. அப்புறம் மன்றத்துல நம்மவன்னு ஒருத்தன்கூட இருக்கமாட்டான். கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

"ஒங்க கை இல்லாமலே நிறைவேறும்னா, ஒங்க கைய எதுக்கு மாமா கேட்டாங்க?"

சின்னமாமா வாசல் பக்கம் பார்த்தார்.

"இந்தியரே வழிமொழிஞ்சாருன்னு சொல்றதுக்குத்தானே? நீங்க அங்க இல்லாம இருந்திருந்தா, லயத்து ஆளுங்கள ஒரு வார்த்த கேக்கணும்னு யாருக்காவது தோணியிருக்கும். நீங்க ஒக்காந்திருந்ததால எல்லாரையும் கேட்டாச்சுன்னு ஆயிடுச்சு."

"வளத்தவன்கிட்ட பேசுற பேச்சா இது?" என்றார் சின்னமாமா. அக்கா எழுந்து அவருக்குக் காப்பி கலக்கிக் கொடுத்தார். அதைக் குடிக்காமல் அவர் போய்விட்டார்.

அடுத்த வாரம் அக்கா ஒரு காரியம் செய்தார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஓட்டுக் கேட்டுப் போன ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போகப்போவதாகச் சொன்னார். போய், தாம் சொன்னது பொய்யாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம். ஓட்டுக் கேக்க நீ வரல," என்றார். அத்தான்தான் வேலை இல்லாத நேரங்களில் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விட்டார். தெருமுனையில் நின்று, முடிந்ததும் அழைத்துவந்தார். என்ன நடந்தது என்று அவர் மூலமாகவே எனக்குத் தெரியவந்தது.

சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். சில வீடுகளில் உள்ளே ஆள் இருந்தும் திறக்கவில்லை. ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடைக்காரர் ஒருவர், "சொந்த மாமன இப்படித் தெருத்தெருவா அவமானப்படுத்துறியே, நல்லாருக்கா?" என்று கேட்டார். சின்னமாமாவைப் பற்றித் தாம் எதுவும் சொல்லவில்லை என்றும், தாம் அன்று சொன்னதற்குத்தான் வந்ததாகவும் அக்கா பதில் சொன்னார். பிபிக் மீனாட்சி முதலில் முகம் கொடுக்கவில்லை. "ஜெயிச்ச பிறகு ஒரு நாள் எங்க சந்துக்குள்ள வந்தானா? அந்த லயத்துக்காரங்களையாவது வெரட்டணும்னு நெனச்சான். எங்கள நெனக்கவே இல்ல," என்றார். அக்கா தம் ஜாமீன் செல்லாமல் போனதாகச் சொல்லித் தலை குனிந்தார். பிறகுதான் பிபிக், "நீ ஒருத்திதான் மறுபடி வந்தே," என்று சொல்லி வெற்றிலைத் தட்டை நகர்த்தினார்.

அஞ்சலை வீட்டுக்குக் கடைசியாகப் போனார். "மன்னிப்புக் கேட்டா வீடு வருமா?" என்றாள் அஞ்சலை. "வராது," என்றார் அக்கா. அஞ்சலை கதவைச் சாத்திக்கொண்டாள்.

லயத்தை உடைத்த நாளில் லோரிகள் வந்தன. அக்கா போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொடுத்தார். அஞ்சலை அவரோடு பேசவுமில்லை, தடுக்கவுமில்லை. புதுக் கொட்டகைகளுக்குப் பக்கத்தில் பஸ் நிற்காது. விடியுமுன் டவுன் தெருக்களைக் கூட்ட வேண்டியவர்கள் அத்தனை தூரம் நடந்தே வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளில் சிலர் பள்ளியை விட்டார்கள். மூன்று பெண்பிள்ளைகளை அக்கா தம் வீட்டில் தங்கவைத்துத் தம் பெண்களோடு பள்ளிக்கு அனுப்பினார். அதில் நடுப்பெண் அஞ்சலையின் மகள். அவளைக் கொண்டுவந்து விட்ட அன்றுதான் அஞ்சலை மறுபடி அக்காவோடு பேசினாள்.

அடுத்த தேர்தலில் சின்னமாமா மறுபடியும் நின்றார். அக்கா எந்தப் பக்கமும் போகவில்லை. சின்னமாமா முன்பைவிட அதிக ஓட்டில் ஜெயித்தார். நம் ஆட்கள் பலரும் போட்டார்கள். நம்மவர் ஒருவராவது இருக்கட்டும் என்றார்கள். அந்த முடிவைக் கேட்ட அன்று அக்கா மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். எதைத் தைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. கால் வீங்கியது, முகம் வீங்கியது. முப்பத்தெட்டு வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தார். கடைசி வாரத்தில் சின்னமாமா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய கதைகளைப் பேசினார்கள். பிறகு அக்கா கேட்டார்: "மாமா, அன்னைக்குக் கை தூக்குனப்போ என்னைய நெனச்சீங்களா?"

சின்னமாமா அழுதுவிட்டார். "நெனச்சேம்மா. ஒன்னையத்தான் நெனச்சேன்."

"நெனக்காமத் தூக்கியிருந்தா தேவல மாமா," என்றார் அக்கா. அவர் கையை விடவில்லை.

நான் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தேன். என்னையும் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் என்னிடம் ஒருபோதும் பேசியதில்லை. எனக்குச் சோறு போட மறந்ததும் இல்லை. ஊரில் அத்தனை வீடுகளுக்கும் போய் அக்கா கேட்ட மன்னிப்பை, ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவரிடம் நான் கேட்கவில்லை. இனிக் கேட்க முடியாது. அதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் எழுதிவைக்கிறேன்.

நோயின்போது இரவும் பகலும் உடனிருந்த தாதியர்களுக்கும், வண்டி கொடுத்து உதவிய அத்தானின் பஸ் கம்பெனித் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. இறுதிச் சடங்கன்று கொட்டகைகளிலிருந்து நடந்தே வந்து பாடையின் ஒரு பக்கத்தை வேறு யாருக்கும் விடாமல் சுமந்த அஞ்சலையின் கணவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும், கண் சரியாகத் தெரியாத நிலையிலும் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து வாய்க்கரிசி போட்ட பிபிக் மீனாட்சி அவர்களுக்கும் நன்றி. செலவையெல்லாம் தாமே ஏற்க முன்வந்த சின்னமாமாவுக்கும் நன்றி. அத்தான் அதை ஏற்காததற்காக வருந்தவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அக்கா இரண்டாம் முறை வந்து நின்றபோதும் கதவைத் திறந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பெயர்களையெல்லாம் அத்தான் அறிவார். உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.