கண்டவர் பெயர்

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ரமா அக்காவைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நல்லதாக எழுத எனக்கு இப்போது மனமில்லை. நடந்ததை எழுதுகிறேன். போடுகிறவர்கள் போடட்டும், விடுகிறவர்கள் விடட்டும்.

ரமா அக்காவுக்கு வருகிற தையோடு அறுபது வயது. ஜெர்மனியில், ஹனோவர் நகரத்துத் தாவர ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாகத் துப்புரவு வேலை செய்கிறார். நானும் அங்கேதான். எனக்கு மேல்மாடி, அவருக்குக் கீழ்மாடி. காலை ஐந்து மணிக்கு ஆளுக்கொரு வாளியோடு தொடங்குவோம். விஞ்ஞானிகள் வந்து கோட்டைக் கழற்றும்போது நாங்கள் அநேகமாகப் போய்விட்டிருப்போம். அதனால் எங்கள் முகம் அங்கே பலருக்குத் தெரியாது.

இந்தத் தரை துடைக்கிற மனுஷி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் தாவரவியல் படித்தவர். கெட்டிக்காரியாம். எண்பத்தாறில் படிப்பை அப்படியே போட்டுவிட்டு கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். பிறகு அகதி முகாம். அங்கே வேலை செய்ய அனுமதி இல்லை, படிக்க அனுமதி இல்லை, பக்கத்து ஊருக்குப் போவதற்குக்கூட ஒரு கடதாசி வேண்டும். அனுமதி எல்லாம் ஒன்றாகக் கிடைத்தபோது இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. கணவர் சோதிலிங்கம் அண்ணை ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். படிப்பைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ரமா அக்காவும் பேசவில்லை.

கீழ்மாடியில் வரிசை வரிசையாக அலுமாரிகள். உள்ளே, உலர்த்தித் தாளில் ஒட்டிய செடிகள். ஒவ்வொரு தாளின் கீழ்மூலையிலும் அந்தச் செடியை முதலில் கண்டவர் பெயரும் திகதியும் எழுதியிருக்கும். மேசையில் ஒரு தாள் கிடந்தால் போதும், ரமா அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பார்.

"செத்து நூறு வருசமான ஆக்கள், கஜந்தி. ஆர் பெத்த பிள்ளையளோ, பெயர் மட்டும் நிக்குது பார்."

இதை எனக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பார். ஒரு நாள் மட்டும் கூடவே சொன்னார்: "ஒரேயொரு தாளில என்ர பெயர் வந்தால் எனக்குக் காணுமடி." சொல்லிவிட்டுத் தன்னையே கேலி செய்வதுபோலச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த மனுஷி இந்த நாட்டிடம் ஆசைப்பட்டுக் கேட்டதாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் பாரத் வருகிறான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவன். விடியவே வந்து நுண்காட்டியோடு மல்லுக்கட்டுவான். ஒரு நாள், பெயர் தெரியாமல் அவன் திணறிக்கொண்டிருந்த ஒரு புல்லைப் பார்த்து, குப்பைக்கூடையைக் கொட்டிக்கொண்டே ரமா அக்கா அதன் இலத்தீன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவன் கதிரையை விட்டு எழும்பிவிட்டானாம்.

"அக்கா, சான்ஸே இல்ல! எப்படிக்கா உங்களுக்கு இது தெரியும்?"

அன்றிலிருந்து அக்கா அக்கா என்று ஒரே ஒட்டுதல். எதைக் கொண்டுவந்தாலும் முதலில் இவரிடம்தான் காட்டுவான். இவர் அவனுக்குப் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போவார். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் அவனைப் பிடித்திருந்தது. எங்களிடம் பெயர் கேட்டுப் பேசிய ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவன்தான்.

போன ஆனி மாதம் அவனுக்கு ரூகன் தீவுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே கடற்கரை முழுக்கச் சுண்ணக்கல் மலை. அந்தச் சரிவுகளில் மட்டும் வளரும் ஓர்க்கிட் செடிகளை எண்ணிக் கணக்கெடுக்கும் வேலை. பாரத் துரைக்குக் கார் ஓடத் தெரியாது. ஓட்டுநர் சோதனையில் இரண்டு தரம் தோற்றவர். என்னிடம் கார் இருக்கிறது. "கஜந்திக்கா, நீங்க வண்டி எடுத்தா ரமாக்காவையும் கூட்டிட்டுப் போயிரலாம்ல?" என்று குழைந்தான். ரமா அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மறுக்க மனம் வரவில்லை.

விடிய மூன்று மணிக்கு வெளிக்கிட்டோம். பாரத் பின்சீற்றில் ஏறின உடனேயே நித்திரை. ரமா அக்கா ஐந்து மணித்தியாலமும் கண்ணை மூடாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வேலைக்குப் போடுகிற சப்பாத்தைப் போடாமல் மகளின் மலையேறும் சப்பாத்தை வாங்கிப் போட்டிருந்தார். அது அவருக்கு ஒரு அளவு பெரிது.

அந்த இடத்தை நான் என்னவென்று சொல்ல? பள்ளிக்கூடத்துச் சோக்கட்டியைக் கொண்டுவந்து மலையாக நிறுத்தியதுபோல வெள்ளை. அதன் தலையில் பச்சைக் காடு, அடியில் கடல். சுண்ணாம்பு கரைந்து கரையோரத் தண்ணீர் பால் கலந்ததாகத் தெரிந்தது. பாறையின் சுவரில் சின்னச் சின்ன மண்கூடுகள். கறுப்பும் வெள்ளையுமான குருவிகள் அவற்றுக்குள் போவதும் வருவதுமாக ஒரே இரைச்சல். மேலே ஒரு கடற்கழுகு சிறகை அசைக்காமல் நின்றது. வேரோடு சரிந்த மரங்கள் கற்களுக்கு நடுவே கடலுக்குள் தலையைக் கொடுத்துக் கிடந்தன. முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் நான் பார்த்தது அலுவலகத் தாழ்வாரங்களையும் கழிவறைகளையும்தான் என்று அப்போது எனக்கு உறைத்தது. கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

பாதையை விட்டு இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. எங்களுக்கு இருந்தது. வனக் காவலர் பாரத் நீட்டிய அனுமதிக் கடிதத்தை வாசித்தார்: பாரத், மற்றும் இரண்டு உதவியாளர்கள். எங்கள் பெயர் அதில் இல்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

சரிவு முழுக்கப் பூ. மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு. ரமா அக்கா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே இறங்கினார். முழங்கால் சத்திரசிகிச்சை செய்த மனுஷி, ஊன்றிக்கொண்டு வந்த கம்பைக்கூட மறந்துவிட்டார். சின்னப்பிள்ளை மாதிரி, "இஞ்ச பார் கஜந்தி, அங்க பார்" என்று ஒரே கூத்து. பாரத் கையில் இடம் குறிக்கும் கருவியை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

"தம்பி, காலை வையாதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!"

அவன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். அவனுடைய சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி, புல்லுக்கு நடுவே, விரல் நீளத்தில் ஒரு தண்டு. அதில் அரிசி அளவில் பச்சைப் பூக்கள். பூ என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தரையைப் பார்த்து வேலை செய்த கண்ணல்லவா, அது தவறவிடவில்லை. ரமா அக்கா முழங்காலை ஊன்றி, தொடாமல், குனிந்து பார்த்தார். பெயரைச் சொன்னார். பாரத்தும் சேற்றில் விழுந்து படுத்துப் பார்த்தான். படுத்தபடியே அழத் தொடங்கிவிட்டான். அந்தப் பக்கத்தில் அறுபது வருடமாக ஒருவரும் காணாத செடியாம். அழிந்துவிட்டது என்றே எழுதி வைத்திருந்தார்களாம்.

படம் எடுத்தான். அளந்தான். பேராசிரியருக்குத் தொலைபேசியில் கத்தினான். பிறகு கைக்கணினியில் படிவத்தைத் திறந்து நிரப்பினான். இடம், திகதி, மண். கடைசியில் ஒரு கட்டம்: கண்டவர் பெயர்.

"அக்கா, உங்க பேரு போடட்டா?"

"சீச்சீ, என்ர பெயர் என்னத்துக்குத் தம்பி? நீங்கள் படிக்கிற பிள்ளை."

"தேங்க்ஸ்க்கா!" என்றான். அவனுடைய விரல்கள் அந்தக் கணமே அவனுடைய பெயரைத் தட்டிவிட்டன.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்பார்கள். ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறம் என்போம். அது பதில் இல்லை, மரியாதை. அரைக் கோப்பையாவது என்று இரண்டாம் தரம் கேட்பார்கள். அப்போதுதான் சரி என்போம். நானும் வந்த புதிதில் ஒரு ஜெர்மன் வீட்டில் கேக் வேண்டாம் என்றுவிட்டு, அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு பசியோடு இருந்தவள்தான். ஆனால் அவர்கள் ஜெர்மன்காரர். இவன் கோயம்புத்தூரான். சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றால்கூட இலையைப் போட்டு இருத்துகிற ஊர். அவனுக்குத் தெரியாதா?

ரமா அக்காவின் வாய் பாதி திறந்தபடி இருந்தது, இரண்டாவது பதிலுக்கு. நான் சொல்லியிருக்கலாம். "அவ சும்மா சொல்லுறா, நீங்கள் போடுங்கோ" என்று பக்கத்தில் நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. நான் சப்பாத்துச் சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு என்னை நானே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வரும் வழியில், பாரத் மறுபடியும் நித்திரையான பிறகு, ரமா அக்கா மெல்லச் சொன்னார்: "இன்னொருக்காக் கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பன்."

"எழுப்பிச் சொல்லட்டோ?"

"விசரே உனக்கு? கேட்டு வாங்கிறதே அதை?"

கார்த்திகை மாதம் கீழ்மாடித் தாழ்வாரத்தில் ஒரு பெரிய படம் மாட்டினார்கள். கண்ணாடிச் சட்டம். அதே பச்சைப் பூ, ஆள் உயரத்துக்கு. கீழே வெள்ளைக் கடதாசியில் கண்டவர் பாரத், இடம், திகதி. ஆராய்ச்சி இதழிலும் வந்துவிட்டதாம். அதனால் அவனுக்கு இன்னும் மூன்று வருடம் வேலையாம். ரமா அக்கா என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அந்த நேரம் பார்த்து அவன் கோப்பிக் கோப்பையோடு வந்தான்.

"வாங்கோ துரை," என்றேன். "இந்தப் பூவை ஆர் கண்டது? கொஞ்சம் சொல்லுங்கோ பாப்பம்."

அவனுடைய முகம் சுருங்கியது. "நான் கேட்டேனேக்கா. ரமாக்காதான் வேண்டாம்னாங்க."

அது உண்மைதான். அதுதான் வயிற்றெரிச்சல். அவன் ரமா அக்கா பக்கம் திரும்பி, தலையைச் சரித்துக்கொண்டு, எவ்வளவு அன்பாகக் கேட்டான் தெரியுமா:

"இப்ப என்னக்கா, மாத்திரலாமா? உங்க பேரப் போட்டுரட்டா?"

ரமா அக்கா வாளியைக் கீழே வைத்தார். கையை மேலங்கியில் துடைத்தார். நேரே அவனைப் பார்த்தார்.

"ஓம். போடுங்கோ."

அறுபது வயதில், முதல் கேள்விக்கே ஓம் என்று அந்த மனுஷி சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

பாரத் கோப்பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினான். "இல்லக்கா, வந்து... ஜர்னல்ல பிரிண்ட் ஆயிருச்சு. மாத்தணும்னா ப்ரொஃபசர் ஒத்துக்கணும்..."

"இந்தக் கடதாசியையாவது மாத்தலாம்தானே? ஒரு துண்டுக் கடதாசி!" என்றேன் நான்.

"ஆளுங்க கேப்பாங்கக்கா. எனக்குத்தான் சிக்கல் ஆயிரும்." குரல் தேய்ந்தது. பிறகு வாய் தவறி உண்மை வந்துவிட்டது. "நீங்க வேண்டாம்னுதான் சொல்வீங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்பிடித்தான் தம்பி," என்றார் ரமா அக்கா. "நீங்கள் இன்னொருக்காக் கேப்பியள் எண்டு நினைச்சனான்."

அவன் குடிக்காத கோப்பியோடு தன் அறைக்குப் போனான். கதவு பூட்டப்படும் சத்தம் கேட்டது. அந்தப் படம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. கண்ணாடியில் தூசு படியக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. திங்கள், புதன், வெள்ளி, அதைத் துடைப்பது ரமா அக்கா.