ஆயா வேடத்துக்கு முதற்பரிசு

எனக்கு வயது எண்பத்தாறு. வளர்த்த பிள்ளைகள் ஏழு. மூன்று நான் பெற்றவை, நான்கு வெள்ளைக்காரருடையவை. எழுத்து எனக்கு மெல்லத்தான் வரும். ஆனால் பிள்ளை வளர்ப்பில் என்னைக் குறை சொல்ல இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை.

லண்டன் இல்ஃபோர்டில் மூத்த மகனோடு இருக்கிறேன். கப்பலில் ஒரு உல்லாசப் பயணம் போய்வருவோமா என்று அவன் போன கிழமை கேட்டான். நான் போன கப்பலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஒரு தேயிலைத் துரை வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் லண்டனுக்குப் புறப்பட்டபோது என்னையும் கூட்டிப்போனார்கள். தாய் தகப்பன் இல்லாத எனக்கு அண்ணை வீடுதான் வீடு. "கப்பல் ஏறினால் இந்தப் படி மிதியாதை" என்றார் அண்ணை. ஏறிவிட்டேன். ஆகவே திரும்பிப் போக எனக்கு இடமில்லை.

அந்தக் கப்பலின் நடைமுறை வேறு. விடியமுன் மேல்தளத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். மழை பெய்துகொண்டிருந்தாலும் கழுவுவார்கள். கொளுத்துகிற வெயிலில் சாய்கதிரையில் கம்பளி போர்த்துக் கிடக்கும் பயணிகளுக்குப் பதினொரு மணிக்குச் சுடச்சுட சூப் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பயணிகள் ஒரு வேலையும் செய்யக்கூடாது. வேலைக்காரர் பயணிகளின் கதிரையில் இருக்கக்கூடாது. ஆயாமாருக்குப் படுக்கை கீழே, இயந்திரத்துக்குப் பக்கத்தில். என்னோடு திருகோணமலைப் பக்கத்து ஆயா ஒருவர் இருந்தார். எனக்கு மூத்தவர், அக்கா என்பேன்.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய மண்டபத்தில் வேடப் போட்டி. எங்கள் துரைசாணி ராணி வேடம் போட்டிருந்தார். கட்டில் விரிப்பும் சன்னல் திரையும் அவர் மேல்தான் இருந்தன. சின்னவள் தாயைக் கேட்டு அழுதபடியால் தூக்கிக்கொண்டு மண்டப வாசலுக்குப் போனேன். அங்கே போய்ச் சேர அவள் தோளில் தூங்கிவிட்டாள். திரும்பிப் போகப் பார்த்தேன். அதற்குள் வாத்தியம் தொடங்கிவிட்டது. சிவப்புக் கோட்டுக்காரர் ஒருவர் என் முழங்கையைப் பிடித்துப் போட்டிக்காரர் வரிசையில் விட்டார்.

எனக்கு முன்னால் வாழைக்குலை வேடத்தில் ஒருவர். பின்னால் முகம் முழுக்கக் கொக்கோ பூசிய ஒரு வெள்ளைக்காரி, அவர் அரேபிய இளவரசியாம். நான் என் வெள்ளைச் சேலையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிள்ளை எழும்பிவிடும் என்று வாய் திறக்கவில்லை. நடுவராக இருந்த மீசைக்காரக் கிழவர் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, பொம்மையை நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்றார். என் கையை விரலால் தேய்த்து, கொக்கோ கொஞ்சமும் உரியவில்லை என்று மற்ற நடுவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

முதற்பரிசு எனக்கு. பரிசு என்னவென்றால் அடுத்தநாள் கப்டனின் மேசையில் விருந்து.

கீழே வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் கட்டிலில் உருண்டு சிரித்தார்.

"இருபது வருஷமாய் நானும் இதே வேஷம் போடுறன். எனக்கு ஒருத்தரும் ஒரு பிஸ்கட்கூடத் தரேல்லை" என்றார்.

துரைசாணி பயணிகள் அதிகாரியிடம் போய், இவள் உண்மையான ஆயா, பரிசைத் திருப்பி வாங்குங்கள் என்றாராம். அதிகாரி தலையைச் சொறிந்தார். வாங்கினால் நடுவர்களுக்குக் கண் தெரியவில்லை என்று ஆகிவிடும். மீசைக்காரரோ பெரிய மனிதர். அதனால் லண்டன் சேரும்வரை நான் ஆயா வேடம் போட்ட ஒரு பயணிதான் என்று முடிவு செய்தார். பயணி என்றால் வேலை செய்யக்கூடாதே. அடுத்தநாள் நான் கப்டனுக்குப் பக்கத்தில் இருந்து மீன் சாப்பிட்டேன். துரைசாணி பிள்ளைகளின் அறையில் இருந்து கஞ்சி ஊட்டினார். இரண்டு பிள்ளைகளும் ஒரு கரண்டி வாங்கவில்லையாம்.

மறுநாள் காலை துரைசாணி கீழே வந்தார். ஏடனில் இறங்கு, கொழும்புக்கு வேறு கப்பல் வரும், அதில் போ என்றார். அண்ணையின் படிதான் கண்முன் வந்தது. நான் கெஞ்சவில்லை. எனக்குக் கெஞ்ச வராது.

ஏடனில் கப்பல் கரைக்கு வராமல் துறைமுகத்தில் நின்றது. கீழே படகு காத்திருந்தது. கப்பலின் இறங்குபடி வாசலில் என் தகரப்பெட்டியின் மேல் இருந்தேன். அக்கா பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினார்.

அப்போது அந்த மீசைக்காரர் வந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. வேலையால் நிறுத்தப்பட்ட ஆயா! அன்றைய வேடத்தைவிட இது இன்னும் அருமை என்று கைதட்டினார். சத்தம் கேட்டு இன்னும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெண் படம் எடுத்து, இன்னும் கொஞ்சம் கவலையாக இருக்கமுடியுமா என்று கேட்டாள். ஆனால் அவளுக்காக முகத்தைத் தொங்கப்போட மாட்டேன் என்று நிமிர்ந்திருந்தேன்.

பிள்ளைகளோடு துரைசாணி வந்தார். மீசைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, கொடுமைக்கார எசமானியாக நடிக்க எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று பாராட்டினார். துரைசாணியின் முகம் கழுத்துவரை சிவந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கீழே படகுக்காரன் கத்தினான். சின்னவள் என் சேலையைப் பிடித்துவிட்டாள்.

நாடகம் முடிந்தது, வா, பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும் என்றார் துரைசாணி.

எனக்கு அப்போது வீட்டு இங்கிலீஷ் தெரியும். நான் எழும்பவில்லை. பயணிகள் பெட்டி தூக்கக்கூடாதே, இதை யார் தூக்குவது என்று கேட்டேன்.

அவர் அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தார். மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு நடக்க, எல்லோரும் இரண்டு பக்கமும் நின்று கைதட்டினார்கள். அக்காதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

இவ்வளவுதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பேத்தி வந்துவிட்டாள்.

"வா பிள்ளை, இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. பெட்டி தூக்கிற இடத்தில மட்டும் ஆறுதலாய் வாசி, ஓடாதை."