விசாரணையை ஒத்திவைக்கிறேன்

அம்மா போன மாதம் இறந்துபோனாள். அலுவலகத்தின் இரங்கல் குறிப்பில் அவளை "மூத்த எழுத்தர்" என்று போட்டிருந்தார்கள். தவறில்லை. அவள் ஏன் கடைசிவரை எழுத்தராகவே இருந்தாள் என்பதை நேரில் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

அரசுப் பேருந்துக் கழகத்தின் பணியாளர் பிரிவில் இருந்தாள். நியமனம், இடமாற்றம், தண்டனை எல்லாம் அவள் தட்டச்சு செய்துதான் வெளியே போகும். கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. அந்த நாற்காலிக்குப் போக, பொதுத்துறை மனிதவள மேலாண்மையில் பட்டயம் வேண்டும். எங்களை வளர்த்து முடித்த பிறகுதான் சேர்ந்தாள். ஒரு பக்கம் பாடப் புத்தகம் திறந்திருக்க, மறுபக்கம் வெங்காயம் உரிப்பாள்.

"ஆபீசரம்மா, மனிதவளம்னா என்ன?" என்று அப்பா சீண்டுவார்.

"நேத்து வரைக்கும் ஆளுங்க. பாடத்துல ஏறினதும் வளமாயிட்டாங்க."

"அப்போ நான்?"

"நீங்க உபரி."

எழுத்துத் தேர்வுகளை எல்லாம் முடித்துவிட்டாள். மிச்சம் செய்முறை ஒன்றுதான். ஐம்பது வயதுக்கு மேல் எழுத அனுமதி இல்லை. அடுத்த தேர்வுக்குள் அவளுக்கு ஐம்பது கடந்துவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது.

செய்முறை என்பது மாதிரி விசாரணை. தேர்வு எழுதுபவர் விசாரணை அலுவலராக உட்கார்ந்து, குற்றம் சாட்டப்பட்டவராக நடிக்கும் ஊழியரைக் கேள்வி கேட்டு, முடிவு சொல்ல வேண்டும். எல்லாம் பதிவாகும். பயிற்சி மையத்தில் நான் அப்போது ஒப்பந்தத் தொழில்நுட்பர். மைக்கும் பதிவுக் கருவியும் என் பொறுப்பு.

ஒரு குளறுபடி நடந்திருந்தது, யாருக்கும் தெரியாமல். வழக்கைக் கற்பனை செய்யச் சோம்பல்பட்ட மையத் தலைவர், உண்மையான ஒரு கோப்பை எடுத்துப் பெயரையும் தட எண்ணையும் மட்டும் மாற்றியிருந்தார். நடிப்பதற்குச் சும்மா இருக்கும் ஓட்டுநர் ஒருவரை அனுப்பச் சொல்லிப் பணிமனைக்குப் போன் செய்தார். பணிமனையில் சும்மா இருப்பவர் யார்? விசாரணை நிலுவையில் இருப்பதால் வண்டி கொடுக்கப்படாதவர். எல்லோரும் ஏணி என்று கூப்பிடும் உயரமான ஓட்டுநரை அனுப்பிவைத்தார்கள். தலைவர் எடுத்த கோப்பு அவருடையது.

ஏணி சிரித்துக்கொண்டேதான் வந்து உட்கார்ந்தார். "தப்பா நடிச்சா சம்பளத்துல பிடிப்பீங்களா?" என்று கேட்டார். தலைவர் சிரித்தார். பக்கத்தில் இருந்த பணியாளர் மேலாளர் சிரிக்கவில்லை. அவர் அம்மாவின் மேலதிகாரி; அன்று தேர்வாளர்.

அம்மா குற்றச்சாட்டை வாசித்தாள். பயணிகளோடு பேருந்தை நடுவழியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனது. வாசிக்க வாசிக்க ஏணியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கையில் இருந்த நடிப்புத் தாளை மடித்தார்.

"ஏன் நிறுத்தினீங்க?"

வயிற்று வலி என்று அவர் சொல்ல வேண்டும். தாளில் அதுதான் இருந்தது. நிஜ வழக்கில் அவர் எழுதிக் கொடுத்திருந்த விளக்கமும் அதுவேதான்.

"வயித்து வலி இல்லம்மா. ரோடு ரெண்டா தெரிஞ்சுது. கொஞ்ச மாசமாவே அப்படித்தான். அன்னிக்கு எது நிஜ ரோடுன்னு…"

"பேசாதீங்க" என்று அம்மா தடுத்தாள்.

என் பக்கம் திரும்பினாள்.

"பதிவை நிறுத்துங்க."

பிறந்ததிலிருந்து என்னை அவள் நீங்க என்று சொன்னதில்லை. நிறுத்தினேன்.

"ஏம்மா நிறுத்தறீங்க?" என்றார் மேலாளர். "நல்லாத்தானே போவுது. மேல கேளுங்க."

"சார், இவரு நடிக்கல. இது இவரோட சொந்த வழக்கு."

"இருக்கட்டுமே. உங்களுக்குப் பரீட்சைதானே?"

"எனக்குப் பரீட்சை. இவருக்குப் பொழப்பு."

"முடிவு சொல்லலேன்னா சைபர் போடுவேன். அடுத்த வாய்ப்பும் கெடையாது. தெரியுமில்ல?"

தெரியும். அவள் விரல் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. நகம் வெளுத்திருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டுக் "குற்றம் நிரூபணம்" என்று சொன்னால் போதும், நாற்காலி அவளுடையது.

"விசாரணையை ஒத்திவைக்கிறேன்" என்றாள். எழுந்தாள். ஏணியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

நானும் பின்னால் ஓடினேன். மாடிப்படியில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வேலை போயிடுமாம்மா?" என்றார் ஏணி.

"ஓட்டற வேலை போகும். போகத்தான் வேணும், நாப்பது பேர் உசுரு. கண்ணு சரியில்லன்னு நீங்களா டாக்டர்கிட்ட சொன்னா மாத்து வேலை குடுத்தாகணும். மறைச்சு ஓட்டினீங்கன்னு மேலாளர் முதல்ல எழுதிட்டா டிஸ்மிஸ். சீக்கிரம் வாங்க."

"அவரு எழுதுவாரா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவரு எழுதறதை நான்தான் டைப் அடிக்கணும். நான் இங்க இருக்கேன்."

அந்த நிலையிலும் ஏணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கழக மருத்துவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நாளைக்கு வரச் சொன்னார். அம்மா கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். "நாளைக்கு இவரு இங்க ஊழியரா இருக்க மாட்டாரு டாக்டர்." மருத்துவர் ஏணியை ஏற இறங்கப் பார்த்தார். பூட்டைத் திறந்தார்.

மேலாளர் அன்று மாலையே எழுதினார். மருத்துவரின் பதிவு அதற்கு முந்தி இருந்தது.

அம்மாவுக்குச் சைபர் போட்டார்கள். முடிவு வந்த அன்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்பா கதவைத் தட்டி, "நல்ல காரியம்தானே பண்ணே?" என்றார். உள்ளிருந்து பதில் வந்தது: "நல்ல காரியம்தான். எனக்கு அந்த வேலையும் வேணும்."

ஏணியைப் பணிமனை நேரக் காப்பாளராக மாற்றும் ஆணையை அவள்தான் தட்டச்சு செய்தாள். கீழே கையெழுத்துப் போட்டவன் அவளோடு பட்டயம் படித்த பையன். அந்தத் தேர்வில் தேறியவன். பேனா எழுதவில்லை என்று அவன் உதற, அம்மா தன் பேனாவை நீட்டினாளாம்.