கள்ளுக்கடையில் கிடந்த பிரசவக் கட்டில்

லைபீரியாவில் சண்டை ஓய்ந்து கினியா அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய நர்ஸ் யாசா, தன் வீட்டைக்கூட எட்டிப் பார்க்காமல் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குத்தான் நேரே போனாள். கூரை இல்லை. பிரசவ அறைக்குள் மரவள்ளி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கிழங்கைப் பிடுங்கி அவித்துத் தின்றுவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

ஊரார் மண் குழைத்துச் சுவர் எழுப்பினார்கள். அரசாங்கம் தகரமும் மருந்தும் அனுப்பியது. சண்டையில் களவுபோன பிரசவக் கட்டிலுக்குப் பதில் மட்டும் வரவேயில்லை. கேட்டபோதெல்லாம் "அடுத்த லாரியில" என்றார்கள்.

ஒரு மத்தியானம் கேஃப்ளோரின் கள்ளுக்கடைப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். குடுவைகள் அடுக்கியிருந்த நீள மேசையின் ஒரு முனையில் இரண்டு இரும்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. குடிக்க வந்தவர்கள் அவற்றில் தொப்பியை மாட்டியிருந்தார்கள்.

"கேஃப்ளோர், இது என் கட்டில்டா!"

"என்னக்கா, இது மேசை. காட்டுல அநாதையாக் கிடந்துச்சு."

"அந்தக் கொம்பு எதுக்குன்னு தெரியுமா?"

"தொப்பி மாட்ட."

"பிரசவத்துல பொம்பளைங்க காலைத் தூக்கி வைக்க!"

ஆளாளுக்குப் பாய்ந்து தொப்பியைப் பிடுங்கினார்கள். ஒருவரும் தலையில் வைத்துக்கொள்ளவில்லை.

"தர முடியாதுக்கா. என் யாவாரம் என்னாகுறது?" என்றான் கேஃப்ளோர்.

உள்ளேயிருந்து நிறைமாதமான அவன் மனைவி கோர்ப்போ வந்தாள். குடுவைகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு மேசைமேல் ஏறிப் படுத்தாள். "என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்கக்கா. இந்த மனுசன் வேணும்னா பெஞ்சுல பெத்துக்கட்டும்."

குடித்துக்கொண்டிருந்தவர்களே தூக்கினார்கள். தெருவெல்லாம் பெண்கள் சட்டியைத் தட்டிப் பாடிக்கொண்டே சேர்ந்துகொண்டார்கள். பாதி வழியில் கோர்ப்போ யாசாவின் கையை இறுக்கினாள்.

"அக்கா, வலிக்குது."

"நெசமாவாடி?"

"விளையாட்டுக்கா சொல்றேன்? ஓடச் சொல்லுங்க!"

பாட்டு நிற்கவில்லை, ஓட்டமும் சேர்ந்துகொண்டது. கேஃப்ளோர் ஒற்றைச் செருப்போடு பின்னாலேயே ஓடினான். "மெதுவா, மெதுவா! என் மேசை... ஐயோ, என் பொண்டாட்டி!"

ஆஸ்பத்திரி வாசலில் கட்டில் நுழையவில்லை. மாட்டி ஒரு வாரம்கூட ஆகாத கதவை நிலையோடு பெயர்த்தெடுத்தவன் கேஃப்ளோர்தான்.

பிறந்தது பெண். சுவர் அதிர அழுதாள். முகாமில் தார்ப்பாய்க்கு அடியில், மழை ஒழுக ஒழுக எத்தனையோ பிரசவம் பார்த்தவள் யாசா. தலைக்குமேல் தகரத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. தொப்புள்கொடியை வெட்டும்போதும் சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிய, கோர்ப்போவும் வலியை மறந்து கூடவே சிரித்தாள். வெளியே பனங்கள் ஆறாக ஓடியது.

மறுநாள் காலையில் கதவில்லாத வாசலில் ஒரே கூட்டம்: காய்ச்சல்காரர்கள், பல்வலிக்காரர்கள், மூன்று கர்ப்பிணிகள். எல்லாருக்கும் முன்னால் கேஃப்ளோர், இடுப்பைப் பிடித்தபடி.

"கதவைப் பேத்ததுல சுளுக்கிக்கிச்சுக்கா."

"ஏறிப் படு" என்று கட்டிலைக் காட்டினாள் யாசா.


"வேண்டாம்க்கா, நின்னுக்கிட்டே வைத்தியம் பாத்துக்கிறேன்!"